ரவூப் பாய் படிக்காத அத்தியாயம்

7

"துலிஸ்," என்றார் டாக்டர் மலாயில். எழுது என்று அர்த்தம்.

ரவூப் பாய் பென்சிலை வாங்கிக்கொண்டார். எதை எழுதுவது என்று கேட்பதுபோல் மகளைப் பார்த்தார்.

"எது வேணும்னாலும் எழுதுங்க அத்தா," என்றாள் சாயிரா பானு.

அவர் எழுதினார். கை நடுங்கவில்லை. எழுத்துகள் எப்போதும்போல் குண்டு குண்டாக, கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து விழுந்தன. 'என் பெயர் அப்துல் ரவூப். டன்லப் வீதியில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் மகள் சாயிரா பானு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள்.'

டாக்டர் காகிதத்தை வாங்கி ஓரமாக வைத்தார். முழங்காலைத் தட்டிப் பார்த்தார். கண்ணில் விளக்கு அடித்தார். வலப்பக்கத்தில் விரலை ஆட்டித் தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை. இடப்பக்கத்தில் தெரிந்தது. பிறகு அந்தக் காகிதத்தை எடுத்து அவர் முன்னால் நீட்டினார்.

"பாச்சா." படி.

ரவூப் பாய் படிக்கப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இது என் கைதான். சாய்வு தெரியுது பாரு," என்றார் மகளிடம். குரல் இறங்கிவிட்டது. "ஆனா என்ன எழுதினேன்னு தெரியலம்மா."

டாக்டர் அதே காகிதத்தில் 36 என்று எழுதிக் காட்டினார்.

"முப்பத்தாறு!" ரவூப் பாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. "இது தெரியுது. ஒரு ஆளோட இடுப்பு அளவு."

டாக்டர் சிரித்தார். சாயிராவுக்குச் சிரிப்பு வரவில்லை.

கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தவர் மேசைமேல் அப்படியே சாய்ந்ததும், நினைவு திரும்பியதும் கை கால் எல்லாம் அசைகிறது என்று கண்டு வீடே அழுது ஓய்ந்ததும் முன் அத்தியாயங்களில் நாம் பார்த்ததுதான். மறுநாளே மெஷின் மிதித்தார். அல்லாஹ் காப்பாற்றினான் என்று பள்ளிவாசலுக்குப் பாய் வாங்கிப் போட்டாள் அவர் மனைவி சம்சுன்னிசா. போன வாரம்தான் ஒரு கல்யாணப் பெண்ணுக்குத் தைத்த பாஜு கூரோங் என்ற மலாய் உடுப்பு வேறு யார் வீட்டுக்கோ போய்ச் சேர்ந்தது. பொட்டலத்தின்மேல் தன் கையால் எழுதி ஒட்டிய பெயரை அவரால் படிக்க முடியவில்லை. அதைக் கண்டுகொண்டவள் சாயிரா ஒருத்திதான். பிடிவாதம் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தவளும் அவளே.

டாக்டர் இப்போது இங்கிலீஷில் பேசினார். மெதுவாக, பொறுமையாகத்தான் பேசினார். சாயிராவுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம்.

"என்னம்மா சொல்றாரு?"

"அத்தா... தலைக்குள்ள ஒரு சின்ன இடத்துல ரத்தம் போகாம நின்னு போச்சாம். கண்ணு நல்லாத்தான் இருக்காம். கண்ணு பார்க்குற எழுத்து, அதைப் புரிஞ்சுக்கிற இடத்துக்குப் போய்ச் சேரலையாம். நடுவுல வழி அடைபட்டுப் போச்சாம்."

"மருந்து?"

அவள் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"ஒவ்வொரு எழுத்தா மறுபடியும் பழகிப் பார்க்கலாமாம், அத்தா. வந்தாலும் வரலாம்..."

"வராமலும் போகலாம்."

"ம்."

"கேளு, பழைய மாதிரி கதை படிக்க முடியுமான்னு மட்டும் கேளு."

அவள் கேட்டாள். டாக்டருக்கு அந்தக் கேள்வி விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும். இவ்வளவு பெரிய கண்டத்திலிருந்து தப்பியவர், நடக்கிறார், பேசுகிறார், தொழில் செய்கிறார். அதைத்தான் அவர் திருப்பிச் சொன்னார். உங்கள் தகப்பனார் ரொம்ப அதிர்ஷ்டசாலி என்று சொல்லுங்கள் என்றார்.

சாயிரா அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

* * *

டிராலி பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். தேர்தல் நேரம். தூண், சுவர் ஒன்று விடாமல் சுவரொட்டிகள். நான்கு மொழியிலும் ஒட்டியிருந்தார்கள். ரவூப் பாய்க்கு இப்போது நான்கும் ஒன்றுதான்.

"எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இல்லம்மா," என்றார் திடீரென்று. "எறும்புன்னா ஊர்ந்து போகும்னு தெரியும். இது நிக்குது. நல்லா கறுப்பா, தெளிவா நிக்குது. தெரிஞ்ச ஆளு எதிர்ல நின்னுக்கிட்டு யாரோ மாதிரி பார்த்தா எப்படி இருக்கும்? அப்படி."

சாயிரா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அத்தாவுக்கும் கதைப் புத்தகத்துக்கும் உள்ள உறவை அவள் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாள். மதராஸிலிருந்து கப்பலில் வாரப் பத்திரிகை வந்து இறங்கும் நாளில் அவர் மெஷின் ஓட்டும் சத்தமே மாறும். பத்திரிகையை வாங்கியதும் பிரித்துவிட மாட்டார். அன்றைய துணியை வெட்டி முடித்து, கையைக் கழுவி, சட்டைமேல் ஒட்டிய நூலையெல்லாம் தட்டிவிட்டுத்தான் உட்காருவார். முதலில் படம். சித்திரக்காரர் வரைந்த வாளையும் கொண்டையையும் ரொம்ப நேரம் பார்ப்பார். பிறகு கடைசிப் பத்தியை உள்ளங்கையால் மூடிக்கொள்வார், கண் தப்பித் தவறி அங்கே போய்விடக் கூடாது என்று. அப்புறம் படிக்க ஆரம்பிப்பார். அந்நேரம் கடைக்கு வந்து கூப்பிட்டால் கேட்காது. அவர் டன்லப் வீதியில் இருக்க மாட்டார். கொற்கைத் துறையில் இருப்பார், மதுரைக் கோட்டை வாசலில் இருப்பார், முத்துக் குளிக்கும் சலாபத்தில் தோணி தள்ளிக்கொண்டிருப்பார்.

சரித்திரக் கதை என்றால் போதும். ராஜா எந்தக் குலம், எந்தச் சமயம் என்றெல்லாம் பார்க்க மாட்டார். ஒரு தடவை பள்ளிவாசலில் யாரோ, "என்ன பாய், எப்பப் பார்த்தாலும் கோயில் கட்டின ராஜா கதையாவே படிக்கிறீங்க," என்று கேட்டதற்கு, "அந்த ராஜா துறைமுகத்துலதான் நம்ம பாட்டன்மார் குதிரை கொண்டுவந்து இறக்கினாங்க, தெரியுமா?" என்று அரை மணி நேரம் பிடித்துக்கொண்டார்.

பஸ் நின்று புறப்பட்டது.

"சாயிரா, இது உன்னோட இருக்கட்டும். அம்மாவுக்குத் தெரிய வேணாம்."

"அத்தா!"

"அவ இப்பத்தான் சிரிக்கிறா. மருதப்பனுக்கும் தெரிய வேணாம்."

"மாமாகிட்ட ஏன் மறைக்கணும்? அவர்கிட்ட சொன்னா அவரே படிச்சுக் காட்டுவாரு லா."

"அவன் பாவப்படுவான்." ரவூப் பாய் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "இருபது வருஷமா இந்தக் கதைகளைப் படிச்சுட்டு சரிக்குச் சரியா சண்டை போட்டுருக்கோம். அவன் முன்னால அனா ஆவன்னா தெரியாதவனா உட்காரச் சொல்றியா? எனக்குச் சத்தியம் பண்ணிக் கொடு."

அவள் கொடுத்தாள். கொடுத்திருக்கக் கூடாது என்பது அன்று மத்தியானமே தெரிந்துவிட்டது.

* * *

மருதப்பனுக்குச் சனிக்கிழமை அரை நாள் வேலை. செம்பவாங் கப்பல் பட்டறையில் பிட்டர். வேலை விட்டதும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பஸ் பிடித்து டன்லப் வீதிக்கு வந்துவிடுவார். குடும்பம் ஊரில். இங்கே அவருக்கு இருக்கிற ஒரே சொந்தம் இந்தத் தையல் கடையின் பெஞ்சுதான்.

ரவூப் பாய்க்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து அவர் கதைப் பேச்சையே எடுக்கவில்லை. நோயாளியைக் கிளப்பிவிடக் கூடாது என்று அடக்கிக்கொண்டிருந்தார். இன்று அடக்க முடியவில்லை. கடை வாசலின் அஞ்சடி நடையில் செருப்பைக் கழற்றும்போதே குரல் வந்தது.

"பாய்! பார்த்தீங்களா பாய்? என்ன காரியம் செஞ்சுட்டா பாருங்க!"

கையில் இந்த வாரப் பத்திரிகை. ரவூப் பாயின் மேசைமேலும் அதே பத்திரிகை கிடந்தது. காலையில் புத்தகக் கடைப் பையன் போட்டுவிட்டுப் போனது.

இரண்டு பேரும் அப்போது உயிரைக் கொடுத்துப் படித்துவந்த தொடர்கதை 'கொற்கைத் தீவட்டி'. கொற்கைத் துறையில் கப்பல்களுக்கு வழிகாட்டும் தீவட்டியைக் காப்பவள் உமைநங்கை. அவள் மனத்தில் இருப்பவன் கப்பல் தலைவன் சாத்தன் மாறன். அவன் கப்பல் ராத்திரியில் திரும்பி வருகிறது. அதன் பின்னாலேயே விளக்கை அணைத்துக்கொண்டு எதிரியின் கப்பல்கள். தீவட்டி எரிந்தால் மாறனும் எதிரியும் கரை சேர்வார்கள், ஊர் அழியும். அணைந்தால் இருவரும் பாறையில் மோதுவார்கள். அணைப்பாளா, மாட்டாளா? மாதக்கணக்கில் இந்தக் கடையில் நடந்த சண்டை அது. மருதப்பன் ஊர் பக்கம், அணைக்கத்தான் வேண்டும் என்பார். ரவூப் பாய் உமைநங்கை பக்கம்.

"என்ன பாய், பேச மாட்டேங்குறீங்க? சொல்லுங்க, சரியா தப்பா?"

காஜா எடுத்துக்கொண்டிருந்த சாயிரா ஊசியை நிறுத்தினாள்.

ரவூப் பாய் தொண்டையைச் செருமினார். மேசைமேல் கிடந்த பத்திரிகையைப் புரட்டினார். படம் இருந்தது. ஒரு பெண், ஒரு தீவட்டி, காற்றில் பறக்கும் கூந்தல். தீவட்டி எரிந்துகொண்டுதான் இருந்தது.

"நான்தான் அப்பவே சொன்னேனே," என்றார். "அவ அணைக்க மாட்டா. அவ மனசு அப்படி."

மருதப்பன் சிரிக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார்.

"அணைச்சுட்டாளே பாய்."

மெஷின்மேல் கிடந்த நாடா வழுக்கிக் கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"நீங்க படிக்கலையா?"

"படிச்சேன், படிச்சேன். மேலோட்டமா..."

"மேலோட்டமாவா? நீங்களா?" மருதப்பன் குரலில் கோபமே இல்லை, திகைப்புதான். "இந்த ஒரு அத்தியாயத்துக்காக எத்தனை நாளா காத்துக்கிட்டிருந்தோம் பாய். பஸ்ஸுல படிச்சுட்டு என் ஸ்டாப்பு தாண்டிப் போயிட்டேன். உங்ககிட்ட சொல்லணும்னு ஓடி வரேன்."

ஒரு வார்த்தை போதும். 'என்னால முடியல மருதப்பா' என்று ஒரு வார்த்தை. சாயிரா அத்தாவின் முகத்தையே பார்த்தாள். சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

ரவூப் பாய் கத்தரியை எடுத்தார்.

"அட, விடு மருதப்பா. ராஜா கதை. சின்னப் பசங்க படிக்கிறது. சாகப் பிழைக்கக் கிடந்துட்டு வந்தவனுக்கு இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா? அதுல இப்ப மனசு போகல."

மருதப்பன் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"சின்னப் பசங்க கதையா?" என்றார். "அப்ப இத்தனை வருஷமா நாம ரெண்டு பேரும் என்ன பண்ணிக்கிட்டிருந்தோம்?"

ரவூப் பாய் துணியில் கத்தரியை ஓட்டிக்கொண்டிருந்தார். மருதப்பன் தன் பத்திரிகையை இரண்டாக மடித்தார். நான்காக மடித்தார். சட்டைப் பைக்குள் போகாத அளவுக்கு மடித்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"உடம்பைப் பார்த்துக்குங்க பாய்."

சாயிரா பின்னாலேயே அஞ்சடிக்கு ஓடினாள்.

"மாமா, இருங்க மாமா. டீ சொல்றேன்."

"வேணாம்மா." அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். கண்ணைப் பார்க்கவில்லை. "நான் ஒரு சேதி சொல்லத்தான் வந்தேன். முதல்ல கதையைப் பேசிட்டு அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். வயசாச்சுன்னு பட்டறையில ஓய்வு குடுத்துட்டாங்க. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். வர்ற வெள்ளிக்கிழமை கப்பல்ல ஊருக்குப் போறேன்."

"இந்த வெள்ளிக்கிழமையா?"

"ஆமா. போயிட்டா அப்புறம் எங்க திரும்பி வர்றது? அத்தாகிட்ட சொல்லிடு. நேர்ல சொன்னா அழுதுடுவேனோன்னு பயந்துக்கிட்டு வந்தேன். இப்ப அந்தப் பயம் இல்ல." சிரிக்கப் பார்த்தார். "அவருக்கு என் பேச்சு அலுத்துப்போச்சு. தப்பில்ல. மனுஷன் மாறத்தான் செய்வான்."

"இல்ல மாமா! அப்படி இல்ல... அத்தா வந்து..."

"என்னம்மா?"

சத்தியம் நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தாள். கடைக்குள்ளிருந்து அத்தா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது.

"ஒண்ணும் இல்ல மாமா."

வெள்ளைச் சட்டை சிராங்கூன் ரோடு கூட்டத்தில் கலந்து மறைந்தது.

* * *

கடையை மகள் பொறுப்பில் விட்டுவிட்டு ரவூப் பாய் மாடிக்குப் போனார். சற்று நேரத்தில் மேலேயிருந்து குரல் வந்தது.

"சாயிரா, இங்க வா."

அவர் ஜன்னலருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் பத்திரிகை.

"அம்மா?"

"கொல்லைப்பக்கம் துணி எடுக்கிறாங்க."

"கதவைச் சாத்து." குழந்தைபோல் கேட்டார். "அணைச்சுட்டாளாம். எப்படி அணைச்சா? கொஞ்சம் படியேன்."

தமிழ் அவளுக்குப் பேச்சு. எழுத்து என்பது சின்ன வயதில் சாயங்கால வகுப்பில் இரண்டு வருஷம் படித்தது, அதோடு சரி. கடைப் பலகை படிப்பாள், சினிமா விளம்பரம் படிப்பாள். பத்திரிகையை வாங்கி விரலை வைத்துக்கொண்டாள்.

"திரை... க... திரைக்... கட... லினின்... லி..."

"திரைகடலினின்றும்," என்றார் அவர் மெதுவாக.

"திரைகடலினின்றும். எழு... எழுந்த. ஊ... ஊதைக்... காற்று. அத்தா, ஊதைன்னா?"

"வடக்கேயிருந்து வர்ற குளிர்காத்து. நீ போ."

"கொற்... கைத்... துறை. மீ... மீ காமன்? மீகா... காமன்னா காட் ஆஃப் லவ்தானே? அவர் எங்க அத்தா இங்க வந்தாரு?"

"மீகாமன்மா. கப்பலை ஓட்டுறவன்."

அவள் மறுபடியும் ஆரம்பித்தாள். ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கி எடுத்து அவர் முன்னால் வைத்தாள். சொல் வந்தது, வாக்கியம் வரவில்லை. காற்று அடிக்கவில்லை, கடல் இரையவில்லை. ஒரு பத்தியின் முடிவுக்கு வந்தபோது அதன் தொடக்கம் இருவருக்குமே மறந்துவிட்டிருந்தது.

பள்ளிக்கூடத்தில் மேடையேறி இங்கிலீஷ் நாடகம் வாசித்துக் கைதட்டல் வாங்கியவள் அவள். தன் தகப்பனுக்கு ஒரு பக்கம் தமிழ் படித்துக்காட்ட முடியாமல் கண் கலங்கினாள்.

"போதும்மா," என்றார் ரவூப் பாய். "தொண்டை காஞ்சு போயிருக்கும். நல்லாத்தான் படிச்சே."

பத்திரிகையை அவள் கையிலிருந்து வாங்கி மூடினார். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் கதவைத் திறந்தபோது வெளியே சம்சுன்னிசா நின்றுகொண்டிருந்தாள். தோளில் காய்ந்த துணிகள்.

* * *

அடுப்படியில் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நீ எதுக்குப் படிச்சுக் காட்டுறே?"

சாயிரா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். டாக்டர், காகிதம், முப்பத்தாறு, அடைபட்டுப்போன வழி. மருதப்பன் சேதியை மட்டும் சொல்லவில்லை. அதை முதலில் அத்தாவிடம்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள்; மாடியில் அவர் கதை கேட்ட அவசரத்தில் சொல்ல முடியவில்லை.

சம்சுன்னிசா துணியை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"இந்த மூணு வாரமா அவரு என்கிட்ட பேசிக்கிட்டே இருந்தாரு," என்றாள். "சாயங்காலமானா வந்து பக்கத்துல உட்காருவாரு. என் தங்கச்சி பிள்ளைங்க பேரெல்லாம் கேட்டாரு. கல்யாணம் ஆனதுலேருந்து ஒருநாள் இப்படிப் பேசினதில்ல. புத்தகத்தை எடுத்தா ஆளு கப்பல் ஏறிப் போயிடுவாரு, நான் கரையில நிப்பேன். நோய் வந்து என் புருஷனை எனக்குக் குடுத்துச்சுன்னு சந்தோஷப்பட்டேன் சாயிரா."

"அம்மா..."

"அவரு போறதுக்கு வேற இடமில்லாம என்கிட்ட வந்திருக்காரு. அதுகூடத் தெரியல எனக்கு."

அவள் அழவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பானையில் சோறு கொதித்து மூடி தடதடத்தது. அதை இறக்கி வைத்தாள்.

"என்னால தமிழ் எழுத்துப் படிக்க முடியாது," என்றாள். "உன்னாலயும் முடியல. நல்ல குடும்பம்."

பிறகு மடித்த துணியை ஓரமாகத் தள்ளினாள்.

"அந்தப் பத்திரிகையை எடுத்துட்டு வா. உன் பரீட்சைத் தாளும் பென்சிலும் கொண்டா."

நாகூரில் சிறுமியாக இருந்தபோது ஓதிக்கொடுத்த அம்மாளிடம் சம்சுன்னிசா அரபுத்தமிழ் கற்றவள். அரபு எழுத்து, ஆனால் பேசுவது தமிழ். அந்தக் காலத்தில் அந்தக் கரையோரத்து முஸ்லிம் பெண்கள் படித்ததும் எழுதியதும் அதில்தான். தங்கைக்கு இன்றைக்கும் அதில்தான் கடிதம் எழுதுகிறாள்.

"நீ உன் மாதிரியே தடுக்கித் தடுக்கிச் சொல்லு. நான் சேர்த்துக்கிறேன்."

"திரைக்... கட... லினின்..."

"திரைகடலினின்றும். சொல்லு."

காது தமிழுக்குப் பழகிய காது. மகள் உடைத்துப் போட்டதை அம்மா ஒட்டவைத்தாள். பென்சில் வலமிருந்து இடமாக ஓடத் தொடங்கியது. நான்கு வரி போனதும் நின்றது.

"என்னம்மா?"

"இந்த எழுத்துல நான் நபிமார் சரித்திரம் படிச்சிருக்கேன். மௌலூதுப் பாட்டு படிச்சிருக்கேன். இதுல ராஜா ராணி காதலை எழுதுறேனே, ஏதாவது குத்தமாகுமா?"

சாயிராவுக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாரையும் இப்போது போய்க் கேட்கவும் முடியாது.

சம்சுன்னிசா தன் கையெழுத்தைப் பார்த்தாள்.

"தமிழ்தானே," என்றாள் பெருமூச்சோடு. "அந்தப் பொண்ணும் பாவம், தனியா நிக்கிறா. சொல்லு, மேல என்ன?"

* * *

அந்தி நேர மஃரிப் தொழுகை முடிந்து ரவூப் பாய் மாடியேறி வந்தபோது நாற்காலிக்கு எதிரே பாய் விரித்து அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். கையில் கோடு போட்ட தாள்.

"உட்காருங்க."

அவர் மகளைப் பார்த்தார். அவள் தலைகுனிந்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. கோபப்படப் பார்த்தார், அதற்கும் தெம்பில்லை. உட்கார்ந்தார்.

சம்சுன்னிசா படித்தாள்.

"திரைகடலினின்றும் எழுந்த ஊதைக்காற்று கொற்கைத் துறையை உலுக்கியது. உமைநங்கை படிகளில் ஏறினாள். கீழே பாறைகள். தொலைவில் மாறனின் கப்பலில் ஒரே ஒரு விளக்கு ஆடிக்கொண்டு வந்தது..."

மௌலூது ஓதுகிற ராகம் அவளையறியாமல் குரலில் ஒட்டிக்கொண்டது. காதல் கதைக்குப் பொருந்தாத ராகம்தான். ஆனால் எங்கும் தடுக்கவில்லை. ரவூப் பாய் முதலில் திடுக்கிட்டார். பிறகு நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு கண்ணை மூடினார்.

"தீவட்டியின் அனல் அவள் முகத்தைச் சுட்டது. ஈரச் சாக்கை இரு கையாலும் தூக்கினாள். 'மாறரே, மன்னியும்' என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. சொன்னால் கை தளர்ந்துவிடும். கண்ணைத் திறந்தபடியே, அந்த விளக்கைப் பார்த்தபடியே..."

நிறுத்தினாள்.

"அப்புறம்?" என்றார் ரவூப் பாய்.

"அவ்வளவுதான் எழுதியிருக்கேன். அதுக்குள்ள தொழுகைக்குப் பாங்கு சொல்லிட்டாங்க."

"யா அல்லாஹ்!" அவர் கண்ணைத் திறந்தார். ஓரத்தில் ஈரம். "சம்சு, நீ பத்திரிகைக்காரனைவிட மோசமா இருக்கியே. சாக்கைத் தூக்கினவளை அப்படியே நிறுத்திட்டு வந்துட்டே!"

அவர் சிரித்தார். விழுந்து எழுந்த பிறகு அவர் சிரித்த முதல் சிரிப்பு. சம்சுன்னிசாவும் வெட்கப்பட்டுக்கொண்டே சிரித்தாள். பென்சில் பிடித்த விரலை நீவிவிட்டுக்கொண்டாள். அரைப் பக்கத்துக்கே விரல் சிவந்திருந்தது.

அவர் அதைப் பார்த்தார்.

"நீ எவ்வளவுதான் எழுதுவே? இவளுக்கும் பரீட்சை வருது." நிமிர்ந்து உட்கார்ந்தார். குரலில் பழைய கனம் வந்திருந்தது. "நான் ஒரு மடையன். மருதப்பன்கிட்ட எனக்கென்ன வெட்கம்? வர்ற சனிக்கிழமை வரட்டும், உண்மையைச் சொல்லிடறேன். கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டுடறேன். அவன் படிச்சா இந்த வீதி முழுக்கக் கேட்கும். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அவன் வந்து படிச்சா எனக்கு வேற என்ன குறை?"

"அண்ணன் வராம இருப்பாரா?" என்றாள் சம்சுன்னிசா. "கோழிக் குழம்பு வச்சுடறேன்."

சாயிரா பானு சுவரில் சாய்ந்துகொண்டாள். சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை கப்பல்.

இப்போதே சொல்லிவிட வேண்டும். இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால்?

"சாயிரா, போறப்ப மாமா உன்கிட்ட ஏதோ சொல்லிக்கிட்டிருந்தானே. ரொம்பக் கோபமா?"

"கோபம் இல்ல, அத்தா." எங்கேயிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஆரம்பித்தாள். "வெள்ளிக்கிழமை... கப்பல்... கப்பலைப் பத்திச் சொன்னாரு."

"கப்பலா?"

ரவூப் பாய் தொடையில் தட்டிக்கொண்டார்.

"பார்த்தியா சம்சு! அவ்வளவு மனத்தாங்கல்லயும் கதையைத்தான் பேசிட்டுப் போயிருக்கான். அடுத்த பத்திரிகை கொண்டுவர்ற கப்பல் வெள்ளிக்கிழமை வருதாக்கும். அதுலதான் தெரியும், மாறன் பிழைச்சானா இல்லையான்னு!"

அவர் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அம்மா அடுத்த தாளை எடுத்துக் கோடு போடத் தொடங்கியிருந்தாள். சாயிரா வாயைத் திறந்தாள். பிறகு பத்திரிகையை எடுத்து, விட்ட வரியில் விரலை வைத்தாள்.